சீன வலைப்பதிவர்கள் ஊமைகள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் சீன இணையத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இணையத்தில் புழங்கும் அந்த நாட்டில் அரசியல் பேச ஆளே இல்லை என்றும், பேசுகிறவர்கள் அரசிடம் கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள் அல்லது சிறைக்குப் போகத் துணிந்துவிட்ட ஒரு சிலர் மட்டுமே என்றும் அக்கட்டுரை முடித்திருந்தது. தணிக்கையைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் உண்மை. அந்த முடிவு மட்டும் உண்மையன்று. திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களுக்காகப் பொத்தான், ஜிப், லேஸ் முதலியவற்றைத் தேடி வாங்கி அனுப்பும் வேலையில் 2009 முதல் 2020 தொடக்கம் வரை குவாங்சோ நகரில் இருந்தவன் நான். விலை பேசுவதற்காகக் கற்றுக்கொண்ட சீன மொழி, நாளடைவில் அவர்களுடைய வலைப்பதிவுகளைப் படிக்கும் பழக்கமாக வளர்ந்தது. அந்தப் பழக்கத்தின் உரிமையில் இதை எழுதுகிறேன்.

குவாங்சோவின் ஹாய்சூ வட்டாரத்தில் இருக்கும் துணிச் சந்தைக்குள் நம் ஊரிலிருந்து வியாபாரத்துக்காகச் சென்ற பலர் நுழைந்திருப்பார்கள். அங்கே பிற்பகலில் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்காரர்கள் கைப்பேசியில் படித்ததை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். வெய்போ என்ற குறும்பதிவுத் தளம் 2009 ஆகஸ்டில்தான் தொடங்கியது. டுவிட்டரும் ஃபேஸ்புக்கும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த நாட்டில் அடைக்கப்பட்டிருந்தன. ஒரு பதிவுக்கு 140 எழுத்து என்ற வரம்பு வெய்போவிலும் இருந்தது என்றாலும், சீன மொழியில் ஓர் எழுத்தே பல நேரங்களில் ஒரு சொல்லாகிவிடுவதால், நமக்கு ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும் இடத்தில் அவர்கள் ஒரு நிகழ்ச்சியின் கதையை முழுதாகச் சொல்லி, இறுதியில் ஒரு கேள்வியையும் வைத்துவிடுவார்கள். குறும்பதிவு அங்கே வெறும் அரட்டையாக நின்றுவிடாமல் விவாத மேடையாக மாறியதற்கு இந்த மொழியியல்பும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

வெய்போவுக்கு முன்பும் இந்த விவாதம் இருந்தது. அதன் முக்கியமான தொடக்கம் நான் வாழ்ந்த அதே குவாங்சோவில் நிகழ்ந்தது. ஹூபெய் மாகாணத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த 27 வயது வடிவமைப்பாளர் சுன் சிகாங், தற்காலிகக் குடியிருப்பு அனுமதிச் சீட்டு கையில் இல்லை என்பதற்காக 2003 மார்ச்சில் பிடித்துச் செல்லப்பட்டு, மூன்றே நாளில் அடிபட்டு இறந்தார். நகரத்து நாளிதழ் ஒன்று ஏப்ரல் 25 அன்று அச்செய்தியை வெளியிட்டது. அன்றே அது இணைய மன்றங்களுக்குப் பரவி, நாடெங்கும் அறிமுகமற்ற மனிதர்கள் அவருக்காக அழுது எழுதினார்கள். சட்ட அறிஞர்கள் மூவர், இவ்வாறு பிடித்து வைத்துச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பும் விதி அரசமைப்புக்குப் பொருந்துமா என்று கேட்டு மனுக் கொடுத்தார்கள். 1982 முதல் நடைமுறையில் இருந்த அந்த விதியை, அந்நாட்டு அமைச்சரவையான அரசவை 2003 ஜூனில் நீக்கியது. என்னுடன் வேலை செய்த வெளிமாகாணத்துத் தொழிலாளர்கள் பத்து ஆண்டு கழித்தும் அந்த இளைஞரின் பெயரைச் சொல்லித்தான், தாங்கள் இரவில் தெருவில் பயமின்றி நடக்க முடிவதன் காரணத்தை எனக்கு விளக்கினார்கள்.

அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் காவல்துறையும் மாவட்ட அலுவலர்களும் சொன்ன சாக்குகளை அப்படியே எடுத்துப் பழமொழிபோல் ஆக்கிவிடுவது சீன வலைப்பதிவர்களின் வழக்கமாயிற்று. குய்சோ மாகாணத்தின் வெங்ஆன் வட்டத்தில் 2008-இல் ஆற்றில் இறந்து கிடந்த மாணவியைப் பற்றி விசாரித்தபோது, அவள் குதித்த நேரத்தில் உடனிருந்த இளைஞன் பாலத்தின்மேல் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான் என்று விளக்கம் தரப்பட்டது. யுன்னான் மாகாணத்தின் ஜின்னிங் காவல் கூடத்தில் 2009 தொடக்கத்தில் தலையில் அடிபட்டு இறந்த 24 வயது இளைஞனைப் பற்றி, கண்ணாமூச்சி ஆடும்போது சுவரில் மோதிக்கொண்டான் என்று காவல்துறை சொன்னது. அன்று முதல் ‘தண்டால்’, ‘கண்ணாமூச்சி’ என்ற இரண்டு சொற்களும் அலுவலகப் பொய்க்கு மறுபெயராயின. கண்ணாமூச்சி விவகாரத்தில் எழுந்த கேள்விகளைச் சமாளிக்க முடியாமல் யுன்னான் மாகாணப் பரப்புரைத் துறையே இணையவாசிகளை விசாரணைக் குழுவில் சேர்த்துக்கொண்டு காவல் கூடத்துக்கு அழைத்துச் சென்றது. அவர்களுக்கு அங்கே பெரிதாக எதையும் காட்டவில்லை. ஆயினும், இளைஞன் உடனிருந்த கைதிகளால் அடிக்கப்பட்டே இறந்தான் என்பது அரசு வழக்குத் துறையின் முடிவாகவே பின்னர் வெளிவந்தது.

2011 ஜூலை 23 இரவை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். வென்சோ நகருக்கு அருகே ஓர் அதிவேக ரயில் மற்றொன்றின் பின்புறத்தில் மோதி, பெட்டிகள் பாலத்திலிருந்து விழுந்தன. 40 பேர் இறந்தனர். விபத்து நடந்த சில நிமிடங்களிலேயே, ரயிலுக்குள் இருந்த பயணிகள் எழுதிய பதிவுகள் வெய்போவில் ஓடத் தொடங்கின. இரத்ததானத்துக்கு வரிசையில் நிற்பவர்களின் படமும், காணாமற்போன உறவினரின் படமும், நொறுங்கிய ரயில் பெட்டியை இயந்திரங்கள் மண்ணுக்குள் தள்ளும் படமும் அடுத்தடுத்து வந்தன. மீட்புப் பணி முடிந்தது என்று அறிவித்த பிறகு, ஏறத்தாழ 21 மணி நேரம் கழித்து, ஒரு பெட்டிக்குள் இரண்டு வயதுப் பெண் குழந்தை உயிரோடு கண்டெடுக்கப்பட்டாள். பெட்டியைப் புதைத்தது ஏன் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, மீட்புக்கு வசதியாக என்று தனக்குச் சொல்லப்பட்டதாகக் கூறிய ரயில்வே அமைச்சகப் பேச்சாளர், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் நம்புகிறேன் என்றார். மறுநாள் சந்தையில் சரக்கு எப்போது வரும் என்று கேட்டதற்கு ஒரு ஜிப் வியாபாரி தேதியைச் சொல்லிவிட்டு அதே வாக்கியத்தைச் சேர்த்தார். சுற்றி நின்றவர்கள் அனைவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தது. அந்தப் பேச்சாளர் சில வாரங்களில் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். சமிக்ஞைக் கருவியின் வடிவமைப்புக் குறையும் நிர்வாகக் குறையும் சேர்ந்தே விபத்துக்குக் காரணம் என்று அரசவையின் விசாரணை அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2013 மார்ச்சில் அமைச்சகமே கலைக்கப்பட்டது. வலைப்பதிவர்களால்தான் அது கலைந்தது என்று சொல்ல மாட்டேன். வேறு ஊழல்களும் நிர்வாகக் காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தப் பெட்டியை மறுபடியும் மண்ணிலிருந்து எடுக்க வைத்தவர்கள் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இத்தகைய பேச்சுக்கு அவர்கள் ‘வெய்குவான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் ஏதேனும் நடந்தால் சுற்றிக் கூடி நின்று பார்ப்பது என்பது அதன் பழைய பொருள். கையை நீட்டித் தடுக்க இயலாவிட்டாலும், பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வே அடிக்கிறவன் கையைச் சிறிது தயங்கச் செய்யும் என்ற நம்பிக்கை அச்சொல்லின் புதிய பொருளில் இருந்தது.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய மற்றொன்று, அவர்கள் பேசும் முறை. சீன மொழியில் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. தொனி சற்று மாறினால் பொருள் முற்றிலும் வேறாகிவிடும். ஆட்சியாளர்கள் ‘நல்லிணக்கச் சமூகம்’ என்ற முழக்கத்தின் பெயரால் பதிவுகளை நீக்கத் தொடங்கியபோது, நல்லிணக்கம் என்ற சொல்லோடு ஒலியில் நெருங்கிய ‘ஆற்று நண்டு’ என்ற சொல்லைத் தணிக்கைக்குப் பெயராக வைத்தார்கள். என் பதிவை நண்டு தின்றுவிட்டது என்று ஒருவர் எழுதினால் போதும். ‘தேநீர் குடிக்க அழைத்தார்கள்’ என்றால் காவல் அலுவலர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று பொருள். ‘சுவர் தாண்டுதல்’ என்றால் அடைக்கப்பட்ட தளங்களை வேறு வழியில் பார்ப்பது. 1989-இல் போராடிய மக்களை இராணுவம் சுட்டுக் கொன்ற தியானன்மென் படுகொலை நடந்த ஜூன் 4 என்ற தேதியை எழுத முடியாதபோது மே 35 என்று எழுதினார்கள். அதுவும் தடுக்கப்பட்டபோது வேறு கணக்குகளைத் தேடினார்கள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவில் பொருள் பொருந்தச் சிலேடை பாடிய மரபில் வந்த நமக்கு இந்தத் திறமையின் அருமை எளிதில் புரிய வேண்டும். நம் சிலேடை அவையில் பாராட்டுப் பெறுவதற்காகப் பிறந்தது. அங்கே ஒரு பதிவு பத்து நிமிடம் அதிகமாக உயிரோடு இருப்பதற்காகச் சிலேடை செய்கிறார்கள்.

வட்டார மொழியும் இவ்வாறு காப்பாகிறது. குவாங்சோ மக்கள் வீட்டில் பேசுவது காண்டனீஸ். 2010-இல் நகரத் தொலைக்காட்சியைப் பெய்ஜிங் பேச்சு மொழிக்கு மாற்றலாம் என்ற யோசனை எழுந்தபோது, இணையத்தில் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு ஜூலை மாதத்தில் தெருவில் கூடியவர்களை நானே பார்த்தேன். மொழிக்காகத் தெருவுக்கு வருவது என்னவென்று தமிழ்நாட்டிலிருந்து போன எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், நான் சரக்கு வாங்கிய அதே ஹாய்சூ வட்டாரம் கொரோனா முடக்கத்தில் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோது, அவ்வூர்க்காரர்கள் காண்டனீஸ் வசவுகளால் நிர்வாகத்தைத் திட்டி வெய்போவில் எழுதினார்கள். அவற்றில் பல நெடுநேரம் நீக்கப்படாமல் நின்றன.

எது நீக்கப்படுகிறது, எது நிற்கிறது என்பது நம் பத்திரிகைகளில் தெளிவாக எழுதப்படாத செய்தி. அரசைக் குறைகூறும் எல்லாமும் நீக்கப்படும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கேரி கிங்கும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, குறைகூறும் பதிவுகள் பல விட்டுவைக்கப்படுவதையும், மக்களை ஓரிடத்தில் கூடச் செய்யக்கூடிய பதிவுகள் அவை அரசைப் புகழ்ந்தாலும் நீக்கப்படுவதையும் காட்டியது. அதே குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரசின் ஏற்பாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 44.8 கோடிப் போலிப் பதிவுகள் எழுதப்படுகின்றன. ஆனால் கூலிக்கு எழுதுகிறவர்கள் எதிர்க்கருத்து உடையோரோடு வாதாடுகிறார்கள் என்று தங்கள் கட்டுரை கூறியதற்கு மாறாக, அவற்றில் பெரும்பகுதி எவரோடும் வாதாடுவதே இல்லை. நாட்டின் பெருமை, விழா வாழ்த்து, தியாகிகள் நினைவு என்று பேச்சைத் திசைதிருப்புவதே அவற்றின் வேலை. இந்த ஒரு செய்தியை மட்டுமாவது தங்கள் நாளிதழ் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எதையும் பேசலாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. 2013 எனக்குக் கண்முன் நிற்கிறது. அந்த ஆண்டின் முதல் வாரத்தில், குவாங்சோவின் பெயர்பெற்ற வார இதழ் ஒன்று அரசமைப்பு உரிமைகளைப் பற்றி எழுதியிருந்த புத்தாண்டுத் தலையங்கத்தைப் பரப்புரைத் துறை மாற்றி எழுதச் செய்தது என்ற செய்தி வலைப்பதிவுகளில் வெளிப்பட்டது. மூன்று கோடிக்கு மேற்பட்டோர் பின்தொடர்ந்த நடிகை யாவ் சென், அவ்விதழுக்கு ஆதரவாகப் பதிவிட்டார். அந்த அலுவலகத்தின் வாசலில் மக்கள் மஞ்சள் சாமந்திப் பூக்களைக் கொண்டுவந்து வைத்ததை நான் தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கே சாமந்தி துக்கத்தின் பூ. அந்த வாசலில் உரையாற்றியவர்களுள் ஒருவரான குவோ ஃபெய்சியோங்குக்கு 2015-இல் 6 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அதே 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தலைமை வழக்குத் துறையும் ஒரு விளக்கத்தை வெளியிட்டன. அவதூறு என்று கருதப்படும் ஒரு பதிவை 5,000 பேர் பார்த்தாலோ 500 பேர் மறுபகிர்வு செய்தாலோ எழுதியவருக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கலாம் என்பது அதன் சாரம். சில நாட்களுக்குள் கான்சூ மாகாணத்தில் 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், ஓர் ஊர்க்காரரின் மரணத்தைக் காவல்துறை சரியாக விசாரிக்கவில்லை என்று எழுதியதற்காகப் பிடிக்கப்பட்டான். நாடெங்குமுள்ள வழக்கறிஞர்களும் பதிவர்களும் எழுப்பிய கூக்குரலால் ஒரு வாரத்தில் விடுவிக்கப்பட்டான். வழக்கறிஞர் பு ஜிச்சியாங், ஏழு குறும்பதிவுகளுக்காக 2015 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டாலும் வழக்காடும் உரிமை பறிபோயிற்று. அக்காலத்தில்தான் என் சந்தை நண்பர்கள் வெய்போவிலிருந்து வீசாட் என்ற செய்திப் பரிமாற்றச் செயலியின் குழுக்களுக்கு நகர்ந்தார்கள். பொதுவெளியில் பேசியவர்கள் நூறு பேர் கொண்ட அறைக்குள் பேசத் தொடங்கினார்கள். அந்த அறையும் பாதுகாப்பாக இல்லை.

மருத்துவர் லீ வென்லியாங்கின் கதை அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் தொடங்கியது. வூஹான் மத்திய மருத்துவமனையின் கண் மருத்துவரான அவர், 2019 டிசம்பர் 30 அன்று உடன்படித்த மருத்துவர்களின் வீசாட் குழுவில் புதிய தொற்றைப் பற்றி எச்சரித்தார். 2020 ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் அவரிடம் ஒரு கண்டனக் கடிதம் நீட்டப்பட்டது. இச்செயலை நிறுத்த முடியுமா என்ற கேள்விக்கு ‘முடியும்’ என்றும், விளங்கியதா என்ற கேள்விக்கு ‘விளங்கியது’ என்றும் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். பிப்ரவரி 7 அதிகாலையில் அதே தொற்றால் இறந்தார். அன்றிரவு சீனாவில் பலர் உறங்கவில்லை. பேச்சுரிமை வேண்டும் என்ற ஹேஷ்டேக் சில மணி நேரம் ஓடி, விடிவதற்குள் அழிக்கப்பட்டது. அது அழிந்ததும் இளைஞர்கள் முகக்கவசத்தின்மேல் ‘முடியாது, விளங்கவில்லை’ என்று எழுதிப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த நான்கைந்து எழுத்துகளுக்குள் இருந்த அரசியலை அந்தக் கண்டனக் கடிதத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் படித்துக்கொண்டார்கள்.

தமக்குத் தொற்று உறுதியானதைத் தெரிவித்து அவர் பிப்ரவரி 1 அன்று எழுதிய கடைசி வெய்போ பதிவின் கீழே பின்னூட்டங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின, வந்துகொண்டே இருந்தன. காலை வணக்கம் மருத்துவரே, எனக்கு வேலை போய்விட்டது மருத்துவரே, இன்று தேர்வு எழுதினேன், அம்மா இறந்துவிட்டார் என்று மக்கள் அங்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்கு வறுத்த கோழிக்கால் பிடிக்கும் என்பதைப் பழைய பதிவுகளில் கண்டு, கோழிக்காலின் சிறு படத்தை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அரசைப் பற்றி அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு சொல்லும் இல்லை. அங்கே சென்று ‘நல்லிரவு’ என்று எழுதுவதே ஒரு நிலைப்பாடு. இதை அரசியல் பேச்சு என்று எண்ணாமல் விட்டதால்தான் தங்கள் கட்டுரையாளருக்குச் சீனர்கள் பேசாதவர்களாகத் தெரிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவர் ஆய் ஃபென் அளித்த நேர்காணலை ஒரு மாத இதழ் 2020 மார்ச் 10 அன்று வெளியிட்டது. சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. அப்போது நடந்ததைப் போன்ற ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தக் கட்டுரையைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை தலைகீழாக எழுதிப் பகிர்ந்தார்கள். மோர்ஸ் குறியீட்டில் எழுதினார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன் ஆமையோட்டிலும் எலும்பிலும் பொறித்த எழுத்துகளில் எழுதினார்கள். முகக்குறிப் படங்களால் மட்டுமே எழுதினார்கள். ஒரு வடிவம் அழிந்தால் அடுத்தது வந்தது. தணிக்கை செய்யும் கருவிக்குப் புரியாததை மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார்கள்.

நாவலாசிரியர் ஃபாங் ஃபாங், அடைபட்ட வூஹானிலிருந்து 60 நாட்குறிப்புகளை இணையத்தில் எழுதினார். நள்ளிரவில் அவருடைய அன்றைய பதிவுக்காக லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். ஆனால் 2020 ஏப்ரலில் அது ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் நூலாக வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், நேற்றுவரை அவரைப் படித்தவர்களில் ஒரு பகுதியினரே அவர்மீது பாய்ந்தார்கள். வெளிநாட்டவர் கையில் கத்தியைக் கொடுத்தவர் என்பது குற்றச்சாட்டு. அவரைத் தாக்கி எழுதிய எல்லோரும் கூலிக்காரர்கள் அல்லர். தங்கள் நாடு அவமதிக்கப்படுகிறது என்று உண்மையாகவே கொதித்த சாதாரண மனிதர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களில் சிலர் எனக்குத் தெரிந்தவர்கள். தேசப்பற்றுப் பதிவர்களுக்கும் அரசின் பாதுகாப்பு எப்போதும் உறுதியில்லை. இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் பின்தொடரும், அரசு சார்ந்த நாளிதழின் முன்னாள் ஆசிரியர் ஹூ சிஜின்கூட, 2024 ஜூலையில் கட்சியின் பொருளாதாரத் தீர்மானத்துக்குத் தம் விளக்கத்தை எழுதிய பின் மூன்று மாதம் எதுவும் பதிவிடாமல் இருக்க நேர்ந்தது.

பெய்ஜிங்கின் பெரிய அரசியலைவிட வீட்டு வாடகை, மருத்துவமனை, வேலை நேரம், பெண்களின் நிலை ஆகியவையே அங்கே நாள்தோறும் அதிகமாக விவாதிக்கப்படுகின்றன. காலை 9 முதல் இரவு 9 வரை வாரத்தில் 6 நாள் வேலை என்பதைச் சுருக்கி 996 என்று எழுதிய மென்பொருள் ஊழியர்களும், எதற்கும் ஓட மறுத்துப் ‘படுத்துக்கிடப்போம்’ என்று 2021-இல் எழுதிய இளைஞர்களும் அரசியல்தான் பேசினார்கள். 2022 ஜனவரியில், ஜியாங்சூ மாகாணத்தின் சூசோ நகரைச் சேர்ந்த ஓர் ஊரில், எட்டுக் குழந்தைகளின் தாய் ஒருவர் கழுத்தில் சங்கிலியோடு குளிரில் நிற்கும் காணொளி வெளிவந்தது. அடுத்தடுத்து வந்த அரசு அறிக்கைகள் ஒன்றையொன்று மறுத்தன. பதிவர்கள் விடவில்லை. திருமணச் சான்றிதழில் இருந்த படத்தையும் காணொளியில் இருந்த முகத்தையும் ஒப்பிட்டார்கள். பெண்கள் விற்கப்படுவதைப் பற்றிய பழைய செய்திகளையும் நூல்களையும் தேடி எடுத்தார்கள். அவரைப் பார்க்கப் போன இரண்டு பெண்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர் கடத்தி விற்கப்பட்டவர் என்று மாகாண அரசு பிப்ரவரி இறுதியில் ஒப்புக்கொண்டு 17 அலுவலர்கள்மீது நடவடிக்கை எடுத்தது; கணவன் என்று சொல்லப்பட்டவனுக்கு 2023 ஏப்ரலில் 9 ஆண்டுச் சிறை கிடைத்தது. அந்தப் பெண்ணோடு சுதந்திரமாகப் பேச வெளியார் எவருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை என்று பதிவர்கள் அதன் பின்னும் நினைவூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையுடன் ஒரு சீனப் பதிவரின் பதிவு படமாக அச்சிடப்பட்டிருந்தது. அவருடைய கணக்கின் பெயரும் முகப்படமும் மறைக்கப்படவில்லை. அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. 2022 ஏப்ரல் முதல் வெய்போவில் ஒவ்வொரு பதிவின் கீழும் எழுதுபவர் எந்த மாகாணத்தில் இருக்கிறார் என்பது தானாகவே தெரிகிறது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பின்தொடரும், பொது விவகாரங்களை எழுதும் பதிவர்கள் தங்கள் உண்மைப் பெயரைக் காட்ட வேண்டும் என்று 2023 அக்டோபர் இறுதியில் பெருந்தளங்கள் அறிவித்தன. வெளிநாட்டு ஊடகத்தில் இடம்பெறுவது அங்கே ஒருவர்மீது சாட்டும் குற்றத்தின் எடையைக் கூட்டிவிடும். வூஹானிலிருந்து காணொளிகளை வெளியிட்ட முன்னாள் வழக்கறிஞர் சாங் சான் 2020 டிசம்பரில் 4 ஆண்டுச் சிறை பெற்றபோது, வெளிநாட்டு ஊடகங்களுக்கு அவர் அளித்த நேர்காணல்களும் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றன.

ரூவான் சியாவ்ஹுவான் என்ற கணினி வல்லுநர் 2009 முதல் 12 ஆண்டு புனைபெயரில் ஒரு வலைப்பதிவை நடத்தினார். தன்னை மறைத்துக்கொள்ளும் தொழில்நுட்பத்தைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவிக்கே அவர் எழுதும் பதிவு எதுவென்று தெரியாது. 2021 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். 2023 பிப்ரவரியில் ஷாங்காய் நீதிமன்றம் 7 ஆண்டுச் சிறை விதித்த பிறகு, தீர்ப்பில் இருந்த குறிப்புகளைக் கொண்டு சுவர் தாண்டித் தேடித்தான் தம் கணவர் யார் என்பதை அந்தப் பெண்மணி கண்டறிந்தார். அவ்வளவு கவனமாக இருந்தவரையே கண்டுபிடித்தவர்களுக்கு, நாம் முகத்தோடு அச்சிட்டுக் கொடுக்கும் ஒருவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

தமிழ் நாளிதழை அங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று எண்ணக் கூடாது. தங்கள் நாளிதழ் இணையத்திலும் வருகிறது; எந்த மொழியையும் நொடியில் மொழிபெயர்க்கும் கருவிகள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. ஆகவே, நீதிமன்றத்தாலும் தம் சொந்த முடிவாலும் ஏற்கெனவே உலகறிந்தவர்களாகிவிட்டவர்களைத் தவிர, மற்றவர்களின் கணக்குப் பெயரையும் படத்தையும் ஊரையும் நீக்கிவிட்டே அவர்கள் எழுத்தை வெளியிட வேண்டும். எழுத்தை வெளியிடாமலே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை; வெளியிட வேண்டும் என்றே கேட்கிறேன். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடைசெய்த 59 செயலிகளில் வெய்போவும் வீசாட்டும் இருந்ததால், அந்த விவாதத்தை நேரில் பார்க்கும் வழி நமக்கும் அடைபட்டிருக்கிறது. அங்கே நீக்கப்படும் எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் வெளிநாட்டுத் தொகுப்புகள் சில உள்ளன. பெர்க்லியிலிருந்து 2003 முதல் இயங்கும் சைனா டிஜிட்டல் டைம்ஸ் அவற்றுள் ஒன்று. எல்லைப் பூசலும் வணிகப் பூசலும் வரும்போது மட்டும் சீனாவைப் பற்றி எழுதாமல், அந்த நாட்டு மக்கள் தங்களுக்குள் எதைப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை மாதம் ஒரு முறையாவது சீனத்திலிருந்து நேராகத் தமிழாக்கித் தாங்கள் வெளியிட்டால், செய்தி நிறுவனங்களின் சுருக்கங்களில் கிடைக்காத ஒன்று வாசகர்களுக்குக் கிடைக்கும்.

இணையப் பதிப்பில் இன்னும் இருக்கும் அந்தப் படத்திலிருந்து பதிவரின் முகத்தையும் கணக்குப் பெயரையும் இன்றே மறைத்துவிடும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன். மொழியாக்கத்துக்கு ஆள் தேவையெனில், ஊதியம் எதுவுமின்றிச் செய்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்துள்ளேன். குவாங்சோவில் இன்னும் வாழும் நண்பர்களை முன்னிட்டு, என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருப்பூர்.